அப்பா பாஸாகிவிட்டார்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில். இன்னொன்று, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவரின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை வாலிப வயதிலிருந்தே மிதித்து வருவதால் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லித் தேடி வருபவர்களிடம் அந்தத் தெருவில் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். பிரேக் அக்கா என்றால் குழந்தைகூடக் கையைப் பிடித்து அழைத்துப் போகும்.

அவளிடம் கார் கற்றுக்கொண்ட பெண்கள் ஊரில் பாதிப் பேர். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவர்களில் யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும்.

"பக்கத்து சீட்ல உக்காந்து தப்பு கண்டுபிடிச்சே பழகிட்டேம்மா. எந்த மனுஷன் தாங்குவான்?"

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வேறொரு காரணமும் இருந்தது. அம்மா போனபிறகு அப்பாவுக்கு அவளை விட்டால் ஆளில்லை. தம்பி ஒருவன் வெகுதூரத்து நகரத்தில் இருந்தான். ஞாயிறு தவறாமல் போன் செய்வான். அதனாலேயே அப்பா அவனுக்கு 'ஞாயித்துக்கிழமை சார்' என்று பெயர் வைத்திருந்தார்.

அப்பா நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் தெருவுக்கு அவர் இன்னமும் டிரைவர்தான். மின்விசிறி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, முதல் மாடியில் இரண்டு அறைகள். ஜன்னலோரம் அவருடைய நாற்காலி. தெருவில் யாராவது வண்டியைக் கோணலாக நிறுத்தினால் மேலிருந்தே குரல் வரும். போன மழைக்காலம் வரைக்கும் அந்தக் குரலுக்குத் தெருவே கட்டுப்பட்டிருந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் அவருக்கு வாய் கோணியது. சின்னப் பக்கவாதம்தான், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். வாய் நேராகிவிட்டது. ஆனால் இடது கால் தரையை இழுத்துக்கொண்டே வந்தது. சட்டைப் பொத்தான் விரலுக்குப் பிடிபட மறுத்தது. குளியலறைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடும் நாட்களும் வந்தன. காலையில் அவரை எழுப்பி, உட்கார வைத்து, குளிப்பாட்டி, உடை மாற்றி, படுக்கை விரிப்பை அலசிப் போட்டு, மாத்திரை கொடுத்து முடிப்பதற்குள் அவளுக்கு நுரை தள்ளிவிடும். அதற்குள் ஊரே வேலைக்குக் கிளம்பிப் போயிருக்கும்.

அங்கேதான் சிக்கல். டிரைவிங் ஸ்கூலுக்குப் பிழைப்பே காலை வகுப்புகளில்தான். ஆபீஸ் போகிறவர்கள் அதற்கு முன்னால்தான் கற்றுக்கொள்ள வருவார்கள். அவளுக்காக அவர்கள் வாசலில் காத்து நின்றுவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்திவிட்டு வந்திருக்கலாம். அவர் மெதுவாகத்தான் சொன்னார். அடுத்த மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்வாராம். அதன் பிறகு காலை வகுப்புக்கு வேறு ஆள் போடுவதைத் தவிர வழியில்லையாம்.

அந்த ஞாயிறு தம்பியிடம் சொன்னாள். அவன் அனுதாபமாகக் கேட்டுவிட்டு, முதியோர் இல்லம் ஒன்று தனக்குத் தெரியும், பெரிய தோட்டமெல்லாம் இருக்கிறது என்றான். போன் ஒலிபெருக்கியில் இருந்ததை அவன் அறியவில்லை.

ஜன்னலோரத்திலிருந்து அப்பா சொன்னார்: "தோட்டம் அவ்வளவு நல்லா இருந்தா நீ போய் இருடா."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவை அந்த ஜன்னலிலிருந்து பெயர்த்தெடுத்து எங்கோ ஒரு தோட்டத்தில் நடுவதா? அல்லது தனக்குச் சோறு போடும் வேலையை விட்டுவிட்டு இருவருமாக வெறும் கையோடு உட்காருவதா? இந்த இரண்டையும் விட்டால் மூன்றாவது வழி அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வழியைச் சொன்னவள், அப்பாவுக்குக் கால் பயிற்சி கொடுக்க மருத்துவமனைக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். தன் மாமியாருக்கு நகராட்சியிலிருந்தே தினமும் ஆள் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவதாக அவள் சாதாரணமாகச் சொன்னாள். பிரேக் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நகராட்சி என்றால் குப்பை அள்ளும், வரி கேட்கும் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மறுநாளே கிளம்பினாள். வரி வாங்கும் இடத்தில் கேட்டதற்குச் சுகாதாரப் பிரிவு என்றார்கள். சுகாதாரப் பிரிவில் கொசு மருந்தைப் பற்றித்தான் தங்களுக்குத் தெரியும் என்றார்கள். சமூகநலப் பிரிவு சந்தைக்குப் பின்னால் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. புதுக் கட்டடத்தில் லிஃப்ட் இன்னும் வரவில்லை. முதியோர் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. முதியவர்களுக்கான இடத்தை மூன்றாவது மாடியில் வைத்த மகராசன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்திக்கொண்டே மூச்சு வாங்க ஏறினாள்.

அங்கே விசாரணை மேசையில் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாள் இருந்தாள். தலைக்கு நேர் மேலே குளிர்சாதனம். அதனால் அவளுக்கு ஆண்டு முழுவதும் ஜலதோஷம். ஆனால் வாய் திறந்தால் அமிர்தம். அலைந்து களைத்தவளை முதலில் உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு விளக்கமாகச் சொன்னாள். வீட்டுக்கே உதவியாளர் வருவார். வாரத்தில் சில நாட்கள் பகல்நேர மையத்துக்கு வேன் வந்து கூட்டிப்போகும். என்ன வியாதி என்பது இங்கே பெரிய விஷயமில்லை. அன்றாடம் எந்தெந்த வேலைக்கு இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அதைப் பார்த்து மதிப்பெண் போட நர்ஸ் ஒருவர் வீட்டுக்கு வருவார்.

வானத்திலேயே நடந்து வீட்டுக்கு வந்தாள் பிரேக் அக்கா. அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு செய்தாள். ஒரு நர்ஸ் வந்து சில கேள்விகள் கேட்பார் என்று அப்பாவிடம் சொன்னபோது, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "டெஸ்ட்டா?" என்று கேட்டார்.

"அந்த மாதிரிதாம்ப்பா," என்றாள் அவள்.

பேருந்து ஓட்டிய காலமெல்லாம் வருடம் தவறாமல் அவருக்கு டெஸ்ட் உண்டு. கண், காது, கை, கால் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தேறாதவனுடைய கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டு டிக்கெட் எண்ண உட்கார வைத்துவிடுவார்கள். கூட ஓட்டியவர்கள் ஒவ்வொருவராக அப்படி உட்கார்ந்தபோதும் அவர் மட்டும் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அப்படிப்பட்டவரிடம் போய் டெஸ்ட் என்றால் என்ன ஆகும்?

மறுநாளிலிருந்து கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒத்திகை நடந்தது. சுவரைப் பிடித்து நடந்தார், சுவரைப் பிடிக்காமல் நடந்தார். காலண்டரைப் பார்த்துத் தேதியை மனப்பாடம் செய்தார். மகள் சும்மா இருந்தாளா? பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஒழுங்குபடுத்துவதுபோல வீட்டைத் தேய்த்துக் கழுவினாள். படுக்கையில் விரிக்கும் ரப்பர் ஷீட்டைச் சுருட்டி ஒளித்தாள். கழிப்பறை நாற்காலியை பால்கனியில் தள்ளித் துணி போட்டு மூடினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கக்கூடாது என்ற ஒரே நினைப்பு. எதைப் பார்க்க நர்ஸ் வருகிறாரோ அதையெல்லாம் ஒளித்துவைக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நர்ஸ் ஒரு மத்தியான நேரத்தில் வந்தாள். அப்பாவுக்கு நாளிலேயே நல்ல நேரம் அதுதான். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, மழித்த முகம். வாம்மா, உட்காரும்மா என்று அவரே வரவேற்றார். கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று காட்டினார். தேதி, கிழமை, மாதம் எல்லாம் பேருந்து நிறுத்தங்களைப்போல வரிசையாகச் சொன்னார். நீங்களே குளித்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, "வேற யாரு வந்து குளிப்பாட்டணும்?" என்று திருப்பிக் கேட்டார். நர்ஸ் சிரித்துவிட்டாள். கழிப்பறைக்குப் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டாள். அதெல்லாம் கிடையாது என்றார்.

நர்ஸ் மகள் பக்கம் திரும்பினாள். "அப்பா சொல்றதெல்லாம் சரிதானேக்கா?"

 அப்பா மகளைப் பார்த்தார். எத்தனையோ ஆயிரம் பேரை மழையிலும் வெயிலிலும் பத்திரமாக வீடு கொண்டுசேர்த்த அந்தக் கண்கள், முதல்முறையாக அவளிடம் ஒன்றைக் கெஞ்சின. இல்லை, இன்று காலையில்கூட நான்தான் விரிப்பை அலசினேன் என்று அந்த முகத்துக்கு நேராக எந்த மகளால் சொல்ல முடியும்? அவள் நாக்கு கல்லாகிப் போனது. அப்புறம் அந்தக் கல் உருண்டு ஒரே ஒரு சொல்லாக வெளியே விழுந்தது.

"சரிதான்."

சில நாள் கழித்து அலுவலகத்திலிருந்து போன் வந்தது. உங்கள் தந்தையார் தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார், உதவி தேவையில்லை என்று முடிவாகியிருக்கிறது என்றார்கள். போனை வைத்ததும் அப்பா ஆவலாகக் கேட்டார்.

"என்னவாம்? பாஸா?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் ஜன்னலைத் திறந்து, கீழே இருந்த ஃபேன் கடைக்காரரைக் கூப்பிட்டு, இந்த வயதிலும் பாஸ் என்று அறிவித்தார். கடைக்காரர் டீ வாங்கி மேலே அனுப்பினார். அவள் தன் டம்ளரைத் தொடாமலே அப்பாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறுபடியும் மூன்றாவது மாடி. நடந்ததைக் கேட்ட ஸ்வெட்டர் அம்மாள் தும்மலும் சிரிப்புமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் கதை இதுதாம்மா. நர்ஸைக் கண்டா எல்லாக் கிழங்களுக்கும் இளமை திரும்பிடுது."

மறுமதிப்பீடு கேட்கலாம் என்றாள் அவள். அதுவும் அவர் தூங்கி எழுந்த நேரத்தில் வரச் சொல்லிக் கேட்கலாம். மாதக் கடைசிக்குள் ஒருநாள் இருப்பதாகப் பார்த்துச் சொன்னாள். அப்பாவின் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், மகள் முன்கூட்டியே நர்ஸிடம் போனில் தனியாகச் சொல்லிவிடலாம், அதற்கும் இடமுண்டு என்றாள்.

நர்ஸின் போன் எண்ணை வாங்கிக்கொண்டு வந்த பிரேக் அக்கா போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அவருக்குத் தெரியாமல் அவருடைய மானத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பதா? கடைசிவரை அவளால் அந்த எண்ணை அழுத்த முடியவில்லை. எதுவானாலும் அவரிடமே சொல்வது என்று தீர்மானித்தாள்.

ஞாயிறு அன்று முதலாளியிடம் கேட்டு ஸ்கூல் காரை எடுத்து வந்தாள். ஃபேன் கடைக்காரர் ஒருபக்கம் தாங்க, அப்பாவை இறக்கிப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தாள். காலுக்கடியில் பிரேக் இருப்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. தெருமுனை வருவதற்குள் பலமுறை மிதித்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஹாரனடித்துத் திட்டினார்கள். ஸ்கூலின் பயிற்சி மைதானத்துக்கு வந்தபோது அங்கே ஆளில்லை. மரத்தடியில் நிறுத்தி, என்ஜினை அணைத்தாள்.

"வேலையை விட்டுடலாம்னு இருக்கேம்ப்பா."

அவர் திடுக்கிட்டார். காரணம் கேட்டார். காலை வகுப்பு, முதலாளியின் கெடு எல்லாவற்றையும் சொன்னாள். அன்று அந்த நர்ஸ் எதற்காக வந்தாள், பாஸானதால் என்ன ஆயிற்று என்பதையும் சொன்னாள்.

"அப்ப என்னை ஃபெயிலாகச் சொல்றியா?" அவர் குரல் உயர்ந்தது. "முடியாதவன் மாதிரி நடிக்கணுமா?"

"அன்னிக்குத்தாம்ப்பா நடிச்சீங்க." அவள் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நானும் சேந்து நடிச்சேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடது கை நடுங்கியது. அதை வலது கையால் பிடித்து மறைத்தார்.  பாதியில் விட்டால் இனி ஒருபோதும் பேச முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"பிரேக் சரியாப் பிடிக்காத பஸ்ஸை, யார்கிட்டயும் சொல்லாம காலைல எடுத்துட்டுப் போவீங்களாப்பா?"

"என்னை என்னன்னு நெனச்சே?" அவர் வெடித்தார். "சாயங்காலம் டெப்போல வண்டியை விட்டதும், எங்க சத்தம் வருது, எங்க இழுக்குதுன்னு ஒண்ணு விடாம மெக்கானிக்கிட்ட சொல்லாம ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்ல. பழுதை மறைக்கிறவன் டிரைவரா? ஏறி உக்காந்திருக்கிறவன் உசிரு என்ன ஆகும்?"

"ஏறி உக்காந்திருக்கிறது நான்தாம்ப்பா. அந்தப் பொண்ணு டெஸ்ட் வெக்க வரல. மெக்கானிக் அது."

அவள் வண்டியை வீட்டுக்குத் திருப்பினாள்.  வரும் வழியெல்லாம் அவர் பிரேக்கை மிதிக்கவே இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மாடிப்படி பாதி ஏறி மூச்சு வாங்க நின்றபோது, அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"எப்ப வருது அந்த மெக்கானிக்கு?"

நர்ஸ் இந்த முறை காலையில் வந்தாள். வீடு தேய்க்கப்படவில்லை. ரப்பர் ஷீட் இருந்த இடத்திலேயே இருந்தது. கழிப்பறை நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. கசங்கிய சட்டையும் கலைந்த தலையுமாகப் படுத்திருந்த பெரியவரைப் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நர்ஸே ஒருகணம் தயங்கினாள்.

அவர் மகளைப் பார்த்துச் சொன்னார்: "நீ கொஞ்சம் வெளிய நில்லு. மெக்கானிக்கிட்ட பேசும்போது பாசஞ்சர் நடுவுல நிக்கக்கூடாது."

கதவை ஒருக்களித்துவிட்டு மாடிப்படியில் நின்றாள் பிரேக் அக்கா. உள்ளே அவர் குரல் கேட்டது. வெட்கமோ தயக்கமோ இல்லாத, வேலை முடிந்து வந்த ஒரு டிரைவரின் குரல்.

"எழுதிக்கம்மா. முதல்ல ஸ்டார்ட்டிங் டிரபிள். காலைல ஒரு ஆள் கைகொடுத்துத் தூக்காம எழுந்திரிக்க முடியாது. கிளம்பினா இடது பக்கம் இழுக்குது. திரும்புறதுக்கு இடம் ஜாஸ்தி வேணும், குளியலறைல ரெண்டு தடவை சுவத்துல மோதியிருக்கேன். அப்புறம் லீக்கேஜ். ராத்திரில இருக்கு, சில நாள் பகல்லயும் இருக்கு. எழுதினியா?"

எழுதிவிட்டேன் தாத்தா என்றாள் நர்ஸ். சிரிப்பை அடக்குவது குரலிலேயே தெரிந்தது. வெளியே நின்றவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பி, இரண்டில் எதை அடக்குவது என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்பைப் பற்றி நர்ஸ் கேட்டாள். ஒருநாள் பாலை வைத்துவிட்டு மறந்து பாத்திரம் கருகிப் போனதாகவும், மகளுக்குத் தெரியாமல் அதை ஃபேன் கடைக்காரரிடம் கொடுத்துத் தூக்கிப் போடச் சொன்னதாகவும் ஒப்புக்கொண்டார். அந்தப் பாத்திரத்தை வீடெல்லாம் தேடி அலுத்தவள் வெளியே தலையில் அடித்துக்கொண்டாள்.

வேறு ஏதாவது உண்டா என்று நர்ஸ் கேட்டாள். 

"ஒண்ணு இருக்கு. அவகிட்ட சொன்னதில்ல. அவ வெளிய போய்க் கதவு சாத்துற சத்தம் கேட்டதும் பயமா இருக்கும்மா. எனக்கு ஏதாவது ஆயிடுமேன்னு இல்ல. அவ வர்றதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா, வந்து பாக்கிறது அவதானே."

 வெளியே நின்றவள் கதவின் பக்கம் திரும்பினாள். வீட்டைவிட்டு இறங்கும் ஒவ்வொரு காலையும் அதே பயத்தைத்தான் அவளும் நெஞ்சில் கட்டிக்கொண்டு இறங்கினாள். ஒரே பயத்தை இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள்.

இந்த முறை பதில் சீக்கிரமே வந்தது. வாரநாட்களில் காலையில் உதவியாளர், வாரத்தில் இரண்டு நாள் மையத்துக்கு வேன். செய்தி கேட்டதும் ஃபெயிலாகிவிட்டேனா என்று அப்பா கேட்டார். ஆமாம்ப்பா, சுத்தமாக ஃபெயில் என்றாள் அவள். நல்ல மெக்கானிக் என்று பாராட்டினார். தம்பிக்கு விஷயம் தெரிந்து, நிஜமாகவே சந்தோஷப்பட்டான்; இந்த மாதம் நேரிலேயே வருவதாகச் சொன்னான். ஞாயித்துக்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லு, இல்லாவிட்டால் பேரை மாற்ற வேண்டியிருக்கும் என்றார் அப்பா.

உதவியாளர் நடுவயதுக்காரர், நல்ல ஆகிருதி, வாய் ஓயாமல் பாட்டு. முதல் நாள் அவர் வந்து கைகளைக் கழுவிக்கொண்டு, அக்கா, நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன் என்றார். பிரேக் அக்கா பையை எடுத்தாள், வைத்தாள். துண்டு இருக்கும் இடத்தைச் சொன்னாள். இன்னொரு தரம் சொன்னாள். அப்பாதான் அவளைத் துரத்தினார். படியிறங்கி வாசலுக்கு வந்தவளுக்குக் கால் நகரவில்லை. தன் கையைத் தவிர வேறு கை படாத அந்த உடம்பு கூசிப்போகுமோ, கோபித்துக்கொள்ளுமோ, விழுந்துவிடுமோ என்று மேலே பார்த்தபடி நின்றாள். ஃபேன் கடைக்காரரும் திருப்புளியைக் கையில் பிடித்தபடி அவளோடு சேர்ந்து மேலே பார்த்தார்.

குளியலறை ஜன்னல் வழியாகத் தண்ணீர்ச் சத்தம் வந்தது. உதவியாளரின் பாட்டு வந்தது. பாட்டை வெட்டிக்கொண்டு, தெருவே கேட்கும்படி அந்தப் பழைய குரல் வந்தது.

"பாட்டெல்லாம் அப்புறம். பின்னால வா. வரலாம், வரலாம், லெஃப்ட்ல கொஞ்சம் ஒடி... போதும், நிறுத்து."

ஃபேன் கடைக்காரர் உள்ளே போய்விட்டார். பிரேக் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். அவளுடைய காலை வகுப்பு மாணவி வந்து காத்திருப்பாள்.